குன்னத்தில் ஓர் அளவுச் சாப்பாடு!

மாதத்தில் இருபது நாள் எனக்கு வெளியூர்தான். சொட்டு நீர்ப் பாசனக் குழாய் விற்கிற கம்பெனியில் சேல்ஸ் வேலை. 'பயிருக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாலே போதும், அளவுக்கு மேல் விட்டால் வேர் அழுகிவிடும்' என்று ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்குப் பாடம் நடத்துகிற நான், என் வயிற்றுக்கு மட்டும் மடையைத் திறந்து விட்டுவிடுவேன்!

காலையில் பொங்கல்-வடை. பதினொரு மணிக்கு டீ-போண்டா. மதியம் ஃபுல் மீல்ஸ். நாலு மணிக்கு டீ-பஜ்ஜி. ராத்திரி பத்து மணிக்கு பரோட்டா. இடையில் யாராவது கஸ்டமர் வாங்கிக் கொடுத்தால் கலரோ, ரோஸ் மில்க்கோ. இப்படியே பத்து வருஷம். 'கம்பெனி படி கொடுக்கிறது, நாம் படியளந்து கொள்கிறோம்' என்று ஜோக் வேறு!

போன வருஷம் ஆபீஸில் எல்லோருக்கும் மெடிக்கல் செக்கப். எனக்கு வயசு முப்பத்து மூணு. ஒன்றும் இருக்காது என்ற தெனாவெட்டில்தான் போனேன். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"வெறும் வயித்துல 118. மூணு மாசச் சராசரி 6.1. இன்னும் சுகர் இல்லை. ஆனா வாசல்ல நின்னு செருப்பைக் கழட்டிக்கிட்டு இருக்கு!"

"சார்..."

"எங்கே சாப்பிடறீங்க?"

"ஓட்டல்லதான் சார்."

"நிறுத்த முடியுமா?"

"வேலையை நிறுத்தினா முடியும்."

சிரித்தார். "அப்ப ஓட்டல்லயே ஒழுங்கா சாப்பிடக் கத்துக்குங்க. மூணு மாசம் டைம்."

நானும் சிரித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஆனால், படி இறங்கும்போது அப்பா ஞாபகம் வந்தது. அவரும் சேல்ஸ்தான். சோப்பு ஏஜென்ஸி. வாழ்நாளெல்லாம் ஓட்டல் சாப்பாடு. ஐம்பத்திரண்டு வயசில் இடது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். அதைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

அடுத்த வாரமே டூர் ஆர்டர் வந்தது. குன்னம். மூன்று நாள்.

★ ★ ★

கிளாம்பாக்கத்தில் ராத்திரி பஸ் ஏறினேன். நடு வழியில், நடு நிசியில், ஏதோ ஒரு மோட்டலில் வண்டி நின்றது. 'டீ, காபி, டிபன் சாப்பிடறவங்க சாப்பிடலாம்...' குரல் தூக்கத்தைக் கலைத்தது. இதுவரை என் வழக்கம் என்ன தெரியுமா? பசிக்காவிட்டாலும் இறங்கி இரண்டு பரோட்டாவை உள்ளே தள்ளுவது. 'மறுபடி எங்கே நிற்குமோ' என்ற பயம்! சென்னையிலிருந்து பெரம்பலூர் சுமார் 270 கிலோமீட்டர். அதற்குள் யாரும் பட்டினியில் செத்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனாலும், பஸ் நின்றால் வாய் அசைய வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

இந்தத் தடவை வீட்டிலேயே எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, பையில் இரண்டு வாழைப்பழம் வைத்திருந்தேன். அதில் ஒன்றை உரித்துத் தின்றபடி, பரோட்டாக் கல்லைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தேன். முதல் பாடம்: காலி வயிற்றோடு பயணம் கிளம்பாதே. பசியோடு இருக்கிறவனுக்கு மெனு கார்டில் நல்லதெல்லாம் கண்ணில் படாது.

விடியற்காலையில் பெரம்பலூர். 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான ஊர். ரயில் கிடையாது, பஸ்தான் எல்லாம். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துக் குன்னம். ஜன்னலுக்கு வெளியே மக்காச்சோளம்... பருத்தி... மறுபடி மக்காச்சோளம்!

தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளைகிற மாவட்டங்களில் பெரம்பலூர் முக்கியமானது. ஆனால், இதை இங்கே யாரும் பெரிதாகச் சாப்பிடுவதில்லை. லாரி ஏறி நாமக்கல் பக்கம் கோழித் தீவனமாகப் போகிறது. அங்கே கோழி தின்று, அந்தக் கோழி லாரி ஏறி, சில்லி சிக்கனாகி, சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு இங்கேயே திரும்பி வருகிறது. எத்தனை கிலோமீட்டர் டி.ஏ. பாருங்கள்!

பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர். வரகூர் போகிறாராம். "பேர்லயே வரகு இருக்கே ஐயா, இப்ப வெளையுதா?" என்று கேட்டேன்.

"எங்க ஆயா காலத்துல வரகுச் சோறுதான் தம்பி. நெல்லுச் சோறு தீவாளி, பொங்கலுக்கு. வரகு தின்னா ஏழைன்னு சொல்லி விட்டுப்புட்டோம். இப்ப டவுன்ல டாக்டரு அதையே திங்கச் சொல்றாரு, விலை கேட்டா மயக்கம் வருது!"

வாஸ்தவம். இந்தியா முன்மொழிந்து, ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகவே கொண்டாடியது. அதற்குப் பிறகு சென்னையில் வரகுப் பொங்கல் பளபளப்பான தட்டில் வருகிறது, மேலே நெய் மிதக்க! அந்த நெய்யையும், 'சிறுதானியம்தானே' என்று இரண்டு பிளேட் அடிப்பதையும் வரகு தலையில் கட்ட முடியுமா? சிறுதானியத்திலும் மாவுச்சத்து இருக்கிறது. நார்ச்சத்து கூட இருப்பதால் கொஞ்சம் நிதானமாக நடக்கும், அவ்வளவுதான். அளவு மீறினால் அதுவும் சர்க்கரைதான்.

★ ★ ★

குன்னம், தாலுகாவின் தலைமையிடம். எந்தத் தாலுகா ஊரையும் போல ஜெராக்ஸ் கடை, மனு எழுதித் தருகிறவர்கள், அவர்களை நம்பி டீக்கடைகள். ஆனால், இந்த ஊருக்கு இன்னொரு வயசு இருக்கிறது. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்பு இந்தப் பக்கமெல்லாம் கடல்! பெரம்பலூர் மாவட்டத்திலேயே இருக்கும் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. வயசு சுமார் 12 கோடி வருஷம். புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-ல் உலகத்துக்குச் சொன்னார். குன்னத்திலேயே 2020-ல் குளம் தூர்வாரியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைக்க, 'டைனோசர் முட்டை!' என்று ஊரே திரண்டுவிட்டது. ஆராய்ச்சியாளர்கள் வந்து பார்த்து, 'முட்டை இல்லை, கடல் வாழ் உயிரினப் படிவம்' என்றார்கள். நல்ல வேளை... முட்டை என்றே சொல்லியிருந்தால், நம்ம பரோட்டா மாஸ்டர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துப்போய் வீச்சு போட்டிருப்பார்கள்!

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். தயங்கித் தயங்கி, "அண்ணே, ஒரு டீ... சர்க்கரை வேணாம்" என்றேன் மெதுவாக.

மாஸ்டர், ஊருக்கே கேட்கிற குரலில் கத்தினார்: "தம்பிக்கு ஒரு விதவுட்டேய்!"

பெஞ்சே திரும்பிப் பார்த்தது. எதிரே இருந்தவர் பரிவோடு, "எத்தனை வருஷமா தம்பி?" என்றார். பக்கத்தில் இருந்தவர், "நமக்குப் பதினோரு வருஷம்" என்று பெருமையாகச் சொன்னார். ஏதோ சங்கத்தில் சேர வந்தவனை வரவேற்கிற மாதிரி!

"இல்லீங்க... நான் இன்னும் மெம்பர் ஆகலை" என்று அசடு வழிந்தேன்.

பெஞ்சில் மொத்தம் ஏழு பேர். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு, தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14.4 பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது. கணக்குப் போட்டால் ஏழு பேருக்கு ஒருவர். குன்னம் பெஞ்ச் சராசரியை எப்போதோ தாண்டிவிட்டது!

டீயைக் குடித்தேன். கஷாயம். ஆனால், மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. நாளைக்கு ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் பத்து ஸ்பூன். நாற்பது கிராமுக்குக் குறையாது. உலக சுகாதார நிறுவனம், ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது. சாப்பாடு, பலகாரமெல்லாம் தனி. வெறும் டீயிலேயே நான் கோட்டாவைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்தத் தியாகத்துக்குப் பரிசாக என்ன செய்தேன் தெரியுமா? "அண்ணே, ரெண்டு பஜ்ஜி!" என்றேன்.

பஜ்ஜி, செய்தித்தாளில் வந்தது. எண்ணெயில் ஊறி, அச்சு எழுத்தெல்லாம் பஜ்ஜியின் முதுகில் தலைகீழாக ஏறியிருந்தது. நானே இதில் ஒரு காலத்தில் துணுக்கு எழுதியவன். என் எழுத்தும் இப்படி யார் வயிற்றிலாவது ஜீரணமாகியிருக்கும்! அச்சு மையில் உடம்புக்கு ஆகாத ரசாயனங்கள் உண்டு, உணவை இதில் கட்டாதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே சொல்லியாகிவிட்டது. எண்ணெய்க்கும் கணக்கு உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கெட்டுப்போன பங்கு நூற்றுக்கு 25-ஐத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து விதி. அதை அளக்கக் கருவி வேண்டும். நமக்குக் கண்ணும் மூக்கும் போதும். சட்டியில் எண்ணெய் கறுத்துக் குழம்பாகி, நுரை அடங்காமல், புகை கண்ணைக் கரித்தால்... அந்தக் கடையில் டீயோடு எழுந்துவிட வேண்டும்.

அன்றைக்கு நான் எழுந்திருக்கவில்லை. இரண்டையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தேன்.

★ ★ ★

மதியம் ஒரு மெஸ். கூரைக்குக் கீழே நாலு பெஞ்ச். வாசலில் கரும்பலகையில் சாக்பீஸால்: 'முழுச் சாப்பாடு - அளவுச் சாப்பாடு'.

எத்தனை வருஷமாக இந்தப் பலகையைப் பார்க்கிறேன்! பத்துக் கிளைகளோ அதற்கு மேலோ வைத்திருக்கும் பெரிய ஓட்டல்கள் மெனுவில் கலோரி போட வேண்டும் என்ற விதி 2022-ல் அமலுக்கு வந்தது. நம்ம ஊர் மெஸ்காரர்கள் அதற்கு எவ்வளவோ காலம் முன்பே 'அளவு' என்று எழுதிப் போட்டுவிட்டார்கள். நாம்தான், 'அது காசு இல்லாதவனுக்கு' என்று நினைத்து முழுசுக்குப் போனோம்.

"அளவுச் சாப்பாடுக்கா" என்றேன். பரிமாறிய அக்காவுக்கு ஐம்பது வயசிருக்கும். இலையில் சோற்றைக் கவிழ்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தார். "என்ன தம்பி, வெளியூரா? இது எப்படிப் பத்தும்?" என்று இன்னும் இரண்டு கரண்டி வைத்தார். காசு வாங்காத சோறு! வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சாப்பிட்டேன். ரசத்துக்கு இன்னொரு கரண்டி விழுந்தது. அதையும் சாப்பிட்டேன். பெயர்தான் அளவு, உள்ளே போனது முழுசுக்கு அண்ணன்.

இரண்டாம் நாள் இன்னும் மோசம். ஒரு விவசாயி மூன்று ஏக்கருக்குக் குழாய் போட ஒப்புக்கொண்டார். சந்தோஷத்தில் ராத்திரி பரோட்டாக் கடைக்கு அழைத்துப் போனார். "நல்லா சாப்பிடுங்க சார்!" கல்லில் 'டக் டக்'கென்று கொத்து போடுகிற சத்தம். அந்தத் தாளத்துக்கு மயங்காத தமிழன் உண்டா? மைதா, எண்ணெய், மேலே சால்னா, அதன் மேல் இன்னும் எண்ணெய். ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி என்றால் ஒரு கிராம் எண்ணெய்க்கு 9. ரிப்போர்ட் சட்டைப் பையில் இருந்தது. நாலு பரோட்டா, ஒரு கொத்து, அரை பிளேட் சில்லி. மக்காச்சோளம் பத்திரமாக ஊர் திரும்பியது, என் வழியாக!

லாட்ஜில் தூக்கம் வரவில்லை. ஆர்டர் கிடைத்த சந்தோஷம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த சாக்ஸ்.

★ ★ ★

மூன்றாம் நாள் மெஸ்ஸில், அக்கா கரண்டியோடு வந்தபோது இலையின் மேல் கையை வைத்து மறைத்தேன்.

"ஏன் தம்பி, நேத்து சாப்பாடு சரியில்லையா?"

சுற்றுமுற்றும் பார்த்தேன். குரலைத் தாழ்த்தி, "இல்லக்கா... சுகர் வர்ற மாதிரி இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றேன். ஏதோ திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி.

அக்கா கரண்டியைக் குண்டானில் போட்டார். "இதை மொத நாளே சொல்றதுக்கென்ன? வாயைத் தொறந்து சொன்னாத்தானே தெரியும், நாங்க என்ன ஜோசியமா பாக்குறோம்? இந்தப் பெஞ்சுல உக்கார்றதுல பாதிப் பேரு இதான். எல்லாரும் காதுகிட்ட வந்து சொல்லுவாக. சொன்னா ஆம்பளைங்களுக்குக் கவுரவக் குறைச்சலு!"

பிறகு இலை மாறியது. முதலில் கீரை. அதன் பக்கத்தில் அவரைக்காய்ப் பொரியல். "இதை மொதல்ல சாப்புடு. அப்புறமா சோறு." அதைத் தின்று முடித்ததும், மறுபடி பொரியல். அதன் பிறகுதான் ஒரே ஒரு கரண்டி சோறு. தாராளமாகச் சாம்பார், அதில் சின்ன வெங்காயம் முழுசு முழுசாக. அவித்த முட்டை ஒன்று. ரசத்தைத் தம்ளரில் கொடுத்தார். கடைசியில் மோர். அப்பளத்தையும் ஊறுகாயையும் கேட்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், அதாவது ஐந்து கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதில் பாதியை ஊறுகாயும் அப்பளமுமே முடித்துவிடும்.

காய் முதலில், சோறு பின்னால் என்றால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிற வேகம் குறையும் என்று டாக்டர்களும் சொல்கிறார்கள். குன்னம் அக்கா எங்கே படித்தார்?

"யார் சொல்லிக் கொடுத்தாங்கக்கா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பக்கத்து இலைக்குச் சாம்பார் ஊற்றிவிட்டு வந்தார். "எங்க வீட்டுக்காரருக்கு இருந்துச்சு. யாருகிட்டயும் சொல்லல. ஊருக்கெல்லாம் போட்டுட்டு, நாலு மணிக்கு மிஞ்சின சோத்தைத் திம்பாரு. காலு மரத்துப்போறதைக்கூட எங்கிட்ட சொல்லல தம்பி. சொல்லியிருந்தா..."

முடிக்கவில்லை. மோர் கேட்டு யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

கல்லாவில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அவன் தலைக்கு மேலே போட்டோ. மாலை போட்டிருந்தது.

காசு கொடுத்துவிட்டு வெளியே வந்து, வேப்ப மரத்தடியில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டேன். வழக்கமாக 'சாப்பிட்டியா?', 'சாப்பிட்டேன்' என்ற இரண்டு வார்த்தையோடு முடிகிற பேச்சு. அன்றைக்குச் சொல்லிவிட்டேன். 118, 6.1, எல்லாம்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"விதவுட் குடிக்கிறியா?" என்றார் அப்பா.

"ம்... மூணு நாளா."

"மொத பத்து நாள் கஷ்டமா இருக்கும். அப்புறம் சர்க்கரை போட்ட டீதான் திகட்டும்." கொஞ்சம் நிறுத்தினார். "ராத்திரி காலைக் கழுவும்போது விரலிடுக்கெல்லாம் பாரு. நான் பாக்கலை."

என் வயசுக்கு, அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

★ ★ ★

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை. வெறும் வயிற்றில் 104. சராசரி 5.8. "செருப்பை மறுபடி மாட்டிக்கிட்டிருக்கு. ஆனா தெருவை விட்டு இன்னும் போகலை" என்றார் டாக்டர்.

நான் ஒன்றும் சாமியாராகிவிடவில்லை. பொங்கல்-வடைக்குப் பதில் பெரும்பாலும் இட்லி. தோசை என்றால், "எண்ணெய் கம்மியா, முறுகலா வேணாம் மாஸ்டர்." மதியம் பொரியலுக்குத்தான் இரண்டாவது ரவுண்டு, சோற்றுக்குக் கிடையாது. ராத்திரி எட்டரைக்குள் சாப்பாடு. பரோட்டா வாரத்துக்கு ஒரு நாள், அதுவும் இரண்டோடு ஓர் ஆம்லெட். சால்னாவை மேலாக ஊற்றாமல் அடியில் கலக்கி ஊற்றச் சொல்கிறேன். 'இவன் ஒரு மாதிரியான ஆள்' என்று மாஸ்டர் பார்க்கிறார். பார்க்கட்டும்!

இத்தனைக்கும் பெரிய ஓட்டல் எதற்கும் போகவில்லை. அதே டீக்கடை, அதே மெஸ், அதே கல். மாறியது நான் வாயைத் திறந்து சொல்ல ஆரம்பித்தது மட்டும்தான்.

போன மாதம் மறுபடி குன்னம் போயிருந்தேன். அந்த விவசாயி வயலில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மக்காச்சோளம் ஆள் உயரம். திரும்பும்போது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். புதுசாக ஒரு இளைஞர், தாலுகா ஆபீஸ் அடையாள அட்டையோடு, மாஸ்டரின் காதருகே குனிந்து ஏதோ முணுமுணுத்தார்.

மாஸ்டர் கத்தினார்: "சாருக்கு ஒரு விதவுட்டேய்!"

பாவம், முகம் வெளுத்துவிட்டது. நான் நகர்ந்து இடம் கொடுத்தேன்.

"உக்காருங்க சார். எத்தனை நாளா?"